ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தால் தங்கம் யாருக்கு?

மிசிசாகா மைந்தன் (கேள்வி)

கிரிக்கெட்டும் ஹாக்கியும் பேசுகிற இடத்தில் ஃபிகர் ஸ்கேட்டிங்கைக் கொண்டுவந்து போடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரங்களுக்கு முன் காய்ச்சலில் படுத்திருந்தபோது, 2014 சோச்சி ஒலிம்பிக்கின் பெண்கள் இறுதிச் சுற்றை இணையத்தில் பார்த்தேன். ஆங்கில வர்ணனை. ரஷ்யாவின் அடெலினா சொட்னிகோவாவுக்குத் தங்கம், தென்கொரியாவின் யூனா கிம்முக்கு வெள்ளி. ரஷ்யப் பெண் மும்முறை சுழலும் தாவல் ஒன்றைக் கூடுதலாகச் செய்தார், கணக்கு அப்படி என்று வர்ணனையில் விளக்கினார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டேன்.

ஜெர்மனியில் இருக்கும் மச்சானிடம் தொலைபேசியில் இதைச் சொன்னதும் மனிதர் கொதித்துவிட்டார். பகற்கொள்ளை என்கிறார். அன்று அவர் நேரடியாகப் பார்த்தது ஜெர்மன் தொலைக்காட்சியில். அங்கே நிபுணராக அமர்ந்திருந்தவர் கத்தரினா விட், 1984, 1988 இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வாங்கியவர். அவருக்கு அந்த முடிவு ஜீரணமாகவில்லை, அதை அவர் மறைக்கவும் இல்லையாம். மச்சானுக்கு ஆக்சல் தாவலுக்கும் லூட்ஸ் தாவலுக்கும் வேறுபாடு தெரியாது. எனக்கும் தெரியாது. இருந்தும் முக்கால் மணி நேரம் சண்டை போட்டோம். அவர் வாயில் கத்தரினா விட் பேசினார், என் வாயில் ஆங்கில வர்ணனையாளர்கள் பேசினார்கள்.

நடுவர் ஓரவஞ்சனை செய்தாரா, வர்ணனையாளர் நம் கண்ணைக் கட்டினாரா என்பதை என்னைப் போன்ற ஒருவன் எப்படிப் பிரித்தறிவது? விளையாட்டைப் படித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

குளிர்காலக் குருவி

பிரித்தறிய என்ன இருக்கிறது? நாட்டுக்கு நாடு பேசி வைத்துக்கொள்கிறார்கள். 2002க்குப் பிறகு நான் பார்ப்பதையே விட்டுவிட்டேன். தொலைக்காட்சி மல்யுத்தம் பாருங்கள், அதில் முடிவை முன்கூட்டியே எழுதி வைப்பதையாவது ஒப்புக்கொள்கிறார்கள்.

நீலப் போர்வை

குருவி, மல்யுத்தம் உங்களுக்கே இருக்கட்டும். தம்பி மைந்தன், இது கொஞ்சம் நீளும், தேநீர் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

ஒன்பது ஆண்டுகள், சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு, மகளை ஸ்காபரோவில் ஒரு பனி அரங்குக்கு அழைத்துச் சென்ற தாய் நான். நான் பனியில் கால் வைத்ததில்லை. விளிம்பில் உட்கார்ந்து நடுங்கியதுதான் என் படிப்பு.

குருவி சொன்ன 2002இலிருந்தே தொடங்குகிறேன். பிப்ரவரி 11 இரவு, சால்ட் லேக் சிட்டி, ஜோடிகளுக்கான இறுதிச் சுற்று. எங்கள் வீட்டு கேபிளில் கனடாவின் சிபிசி தொலைக்காட்சியும் வரும், எல்லைக்கு அப்பாலுள்ள பஃபலோவிலிருந்து அமெரிக்காவின் என்பிசியும் வரும். என் கணவர் ரிமோட்டும் கையுமாக இரண்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தார். ரஷ்ய ஜோடி பெரெஷ்னயாவும் சிகருலித்ஸேயும் முதலில் ஆடினார்கள். இரட்டை ஆக்சலில் இறங்கும்போது சிகருலித்ஸேயின் கால் தடுமாறியது. பிறகு நம் ஜேமி சாலேயும் டேவிட் பெலெட்டியேயும். ஒரு பிழைகூட இல்லை. அரங்கமே எழுந்து நின்றது. என்பிசியில் பேசிய ஸ்காட் ஹாமில்டனுக்கும் சாண்ட்ரா பெசிக்குக்கும் தங்கம் யாருக்கு என்பதில் ஐயமே இருக்கவில்லை. பெசிக் அமெரிக்க அலைவரிசையில் பேசினாலும் ரொறன்ரோவில் பிறந்தவர், கனடாவின் முன்னாள் ஜோடிப் போட்டி வீராங்கனை. இதை நான் பல ஆண்டுகள் கழித்துத்தான் அறிந்தேன்.

ஐந்துக்கு நான்கு என்று ரஷ்யா வென்றது. ரஷ்யா, சீனா, போலந்து, உக்ரைன், பிரான்ஸ் நடுவர்கள் ஒரு பக்கம். கனடா, அமெரிக்கா, ஜெர்மனி, ஜப்பான் மறுபக்கம். தன் விளையாட்டை நினைத்து வெட்கப்படுவதாகப் பெசிக் அங்கேயே சொன்னார். என் கணவர் ரிமோட்டை மெத்தையில் எறிந்தார். பனியில் நடக்கவே பயப்படுகிற மனிதர் அவர்!

மிச்சம் ஊரறிந்தது. தன் நாட்டுச் சங்கத் தலைவர் டிடியே கெயாகே அழுத்தம் கொடுத்தார் என்று பிரெஞ்சு நடுவர் மரி-ரென் லெ கூன்யு சொன்னதாகச் செய்தி வந்தது. பிறகு அவரே அதை மறுத்தார். ஐஸ் நடனத்தில் பிரெஞ்சு ஜோடிக்கு ரஷ்யாவின் ஆதரவு, அதற்குக் கைம்மாறு இது என்பது குற்றச்சாட்டு. ஒரே வாரத்துக்குள் கனடா ஜோடிக்கும் தங்கம் கொடுத்தார்கள். லெ கூன்யுவுக்கும் கெயாகேவுக்கும் மூன்று ஆண்டுத் தடை.

எனவே, காதில் கேட்டது உண்மை, நடுவர் பொய் என்று முடிவு கட்டி வைத்திருந்தேன். அந்த முடிவை உடைத்தது என் மகள்.

2009இல் அவளுக்குப் பதினொரு வயது. ஓர் உள்ளூர்ப் போட்டி. நான்காம் இடம். நான் கிளப்புக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன், கறுத்தப் பிள்ளை என்பதால் நடுவர்கள் புள்ளியைக் குறைத்தார்கள் என்ற வரி உட்பட. மரியாதையாக ஒரு பதில் வந்தது, அதோடு மதிப்பெண் தாளின் பிரதி ஒன்றும். இரண்டையும் அலமாரியில் போட்டேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, நான் கைக்கேமராவில் எடுத்த அந்தப் பதிவை மகள் தொலைக்காட்சியில் போட்டாள். தொடங்கியதும் ஒலியை நிறுத்தினாள். ஏன் என்று கேட்டேன். “அம்மா, உங்கள் குரலைக் கேட்டுக்கொண்டு என்னால் பார்க்க முடியவில்லை” என்றாள். பதிவு முழுவதும் நான்தான் பேசியிருக்கிறேன். மகள் ஆடும்போது “அருமை, அருமை”. மூன்றாவதாக வந்த பிள்ளை ஆடும்போது, “பார், கட்டை மாதிரிப் போகிறாள்.”

ஆக்சல் வந்த இடத்தில் படத்தை நிறுத்தினாள். முன்பக்கம் பார்த்துக் கிளம்புகிற ஒரே தாவல் அது. ஒன்றரைச் சுற்றுச் சுற்றிப் பின்பக்கமாக இறங்க வேண்டும். என் பிள்ளையின் காலணிக் கத்தி பனியைத் தொட்டபோது உடல் பக்கவாட்டில் விளம்பரப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மிச்சச் சுற்றைப் பனியின் மேலேயே திருகி முடித்திருக்கிறாள். அந்த இடத்தில் சிறிய கொக்கி போல ஒரு தடம் விழுந்திருந்தது. விரலால் திரையைத் தொட்டுக் காட்டினாள். அலமாரியிலிருந்து மதிப்பெண் தாளை எடுத்தோம். ஆக்சலுக்குப் பக்கத்தில் வாய் திறந்த காக்கை அலகு போல ஒரு குறி இருந்தது. சுற்று குறைவு என்பதற்கான அடையாளம். அதை நான் அச்சுப் பிழை என்று நினைத்திருந்தேன்.

கட்டை மாதிரிப் போகிறாள் என்று நான் சொன்ன பிள்ளை ஆக்சலை முழுதாக இறக்கியிருந்தாள்.

இதற்காக நிறபேதம் இந்த விளையாட்டில் இல்லவே இல்லை என்று எழுத வரவில்லை. பிரான்சின் சூர்யா போனாலி 1994 உலகப் போட்டியில் ஐந்துக்கு நான்கு என்று தோற்று, வெள்ளிப் பதக்கத்தைக் கழுத்திலிருந்து கழற்றி நின்ற காட்சியை மறந்தவள் அல்ல நான். ஆனால் அந்த நாளில், அந்த ஆக்சலில், குற்றம் என் கைக்கேமராவில் இருந்தது.

அதற்குப் பிறகுதான் 2002ஐ ஒலி இல்லாமல் மறுபடி பார்த்தேன். ஒரு முறை அல்ல, ஏழெட்டு முறை. ரஷ்ய ஜோடி ஒரு தாவலுக்கும் அடுத்த தூக்கலுக்கும் நடுவே ஓய்வெடுப்பதே இல்லை. ஒருவர் தோளோடு ஒருவர் ஒட்டியபடி, காலை மாற்றி மாற்றி வளைந்துகொண்டே வேகம் எடுக்கிறார்கள். நம் ஜோடி சுத்தமாக ஆடியது, ஆனால் நடுநடுவே காற்று வாங்க இடம் இருந்தது. இன்றும் என்னைக் கேட்டால் தடுமாறாத ஜோடிக்குத்தான் தங்கம் கொடுப்பேன். ஆனாலும் ரஷ்யர்களை முதலில் வைத்த ஒருவர் நேர்மையாகவே வைத்திருக்கலாம் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. அன்று என்பிசியிலோ எங்கள் வரவேற்பறையிலோ இதைச் சொல்ல யாரும் இல்லை. பேரம் நடந்தது ஒரு விஷயம், போட்டி நெருக்கமாக இருந்தது இன்னொரு விஷயம். இரண்டையும் ஒரே குடத்தில் ஊற்றிக் கலக்கித் தந்தார்கள், நாமும் குடித்தோம்.

இன்னொன்று. தொலைக்காட்சி மறைப்பது வேகத்தை. கேமரா முகத்தைத் துரத்திக்கொண்டே போவதால் எல்லோரும் ஒரே வேகத்தில் போவது போலத் தோன்றும். அரங்கில் உட்கார்ந்தால் கத்தியின் ஓசை கேட்கும். தேர்ந்தவர் போகும்போது துணி கிழிப்பது போல மெல்லிய சத்தம், அதுவும் திருப்பங்களில் மட்டும். தேறாதவர் போகும்போது தேங்காய் துருவுகிற சத்தம். வர்ணனையும் இசையும் சேர்ந்து அந்தச் சத்தத்தை முழுங்கிவிடுகின்றன. நடுவருக்கு அது கேட்கிறது, உங்களுக்குக் கேட்பதில்லை.

சோச்சி பற்றி எனக்கும் கோபம் உண்டு. ஆனால் எண்கள் என் துறை இல்லை. கணக்குப்பிள்ளை வருவார் என்று நினைக்கிறேன்.

கணக்குப்பிள்ளை

கூப்பிட்டதும் வந்துவிட்டேன் அக்கா.

மைந்தன், நீங்களும் மச்சானும் சண்டை போட்டதற்கான கணக்கு இதோ. முதல் சுற்றான குறுநிகழ்ச்சியின் முடிவில் கிம் 74.92, சொட்னிகோவா 74.64. இரண்டாம் சுற்றான நீள்நிகழ்ச்சியில் சொட்னிகோவா 149.95, கிம் 144.19. அந்த 5.76 வித்தியாசத்தைப் பிரித்துப் பாருங்கள். செய்த தாவல் முதலிய கூறுகளின் அடிப்படை மதிப்பு சொட்னிகோவாவுக்கு 61.43, கிம்முக்கு 57.49. அதாவது 3.94 புள்ளி, ஆடுவதற்கு முன் தாளிலேயே இருந்தது. மும்முறை சுழலும் தாவல் சொட்னிகோவாவுக்கு ஏழு, கிம்முக்கு ஆறு. நீங்கள் கேட்ட வர்ணனை இதைத்தான் சொல்லியிருக்கிறது, அதில் பொய் இல்லை.

அடுத்தது, எப்படிச் செய்தார் என்பதற்கு நடுவர்கள் தரும் தரப்புள்ளி. சொட்னிகோவா 14.11, கிம் 12.20. மூன்று தாவல்கள் சேர்ந்த தொடரின் கடைசியில் சொட்னிகோவா இரண்டு காலிலும் இறங்கினார். கிம் எங்கும் தடுமாறவில்லை. இருந்தும் சொட்னிகோவாவுக்குக் கூடுதல். கடைசியாக, ஸ்கேட்டிங் திறன், அமைப்பு, வெளிப்பாடு முதலியவற்றுக்கான புள்ளி. சொட்னிகோவா 74.41, கிம் 74.50. ஏறக்குறைய சமம். அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் சொட்னிகோவா இதில் அறுபதுகளில் இருந்தவர். கத்தரினா விட் போன்றவர்களின் வயிற்றெரிச்சல் இந்த இரண்டு வரிகளில் இருக்கிறது. உங்கள் மச்சான் கேட்டதும் பொய் இல்லை.

நடுவர் வரிசையைப் பார்த்தால் எரிச்சல் கூடும். நடுவர்களில் ஒருவரான அல்லா ஷெகோவ்ட்சோவா, ரஷ்ய ஸ்கேட்டிங் சங்கத்தை நெடுங்காலம் ஆண்ட வாலென்டின் பிசேயெவின் மனைவி. போட்டி முடிந்ததும் அவர் சொட்னிகோவாவை அணைத்துக்கொண்டது கேமராவில் பதிவானது. உக்ரைன் நடுவர் யூரி பால்கோவ், 1998 நாகானோ ஐஸ் நடனத்தில் யார் எந்த இடம் என்று முன்கூட்டியே தொலைபேசியில் பேசியதைக் கனடா நடுவர் ஜீன் சென்ஃப்ட் பதிவு செய்ததால் ஓராண்டுத் தடை வாங்கியவர். தடை முடிந்தவர் மறுபடி வரலாம் என்பது விதி. கொரியத் தரப்பின் புகாரைச் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் தள்ளுபடி செய்தது.

ஆனால் ஷெகோவ்ட்சோவா எத்தனை புள்ளி போட்டார் என்று யாராலும் காட்ட முடியாது. 2002 ஊழலுக்குப் பிறகு கொண்டுவந்த சீர்திருத்தத்தின் வேடிக்கை அது. அழுத்தத்திலிருந்து நடுவரைக் காப்பாற்றுகிறோம் என்று பெயரை மறைத்தார்கள். தாளில் ஒன்பது பத்தி இருக்கும், எது யாருடையது என்று இருக்காது. டார்ட்மத் கல்லூரியின் பொருளாதாரப் பேராசிரியர் எரிக் ஸிட்ஸெவிட்ஸ் இதை ஆராய்ந்தார். பெயரை மறைத்த பிறகு சொந்த நாட்டுப் பாசம் குறையவில்லை, கூடியிருந்தது. திருடனைப் பிடிக்க விளக்கை அணைத்த கதை.

2016இல்தான் பெயர் மறைப்பை நீக்கினார்கள். உடனே பலன் தெரிந்தது. 2018 பியோங்சாங்கில் தம் நாட்டவருக்கு அள்ளிக் கொடுத்ததற்காகச் சீன நடுவர்கள் இருவர் மாட்டிக்கொண்டார்கள். சென் வெய்குவாங்குக்கு இரண்டு ஆண்டு, ஹுவாங் ஃபெங்குக்கு ஓராண்டு. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இருவருக்கும் இடமில்லை.

அதே பேராசிரியரின் இன்னொரு ஆய்வு எனக்கு மிகப் பிடித்தது. பனிச்சறுக்குத் தாவலிலும் நடுவர்கள் சொந்த நாட்டுக்காரருக்குக் கூட்டித்தான் போடுகிறார்கள். ஆனால் அங்கே குழுவின் மற்றவர்கள் சற்றுக் குறைத்துப் போட்டு அதைச் சரிக்கட்டுகிறார்கள். ஃபிகர் ஸ்கேட்டிங்கிலோ மற்றவர்களும் சேர்ந்து தூக்கிவிடுகிறார்கள். அங்கே நடுவரைத் தேர்ந்தெடுப்பது சர்வதேச அமைப்பு, இங்கே அந்தந்த நாட்டுச் சங்கம். சோறு போடுகிற கையை யார் கடிப்பார்?

மொன்றியல் கிழவன்

இன்னும் பின்னால் போங்கள் பிள்ளைகளே. 1972 சப்போரோ. ஆஸ்திரியாவின் பியாட்ரிக்ஸ் ஷூபா தங்கம் வாங்கினார். அப்போது பனியில் எட்டு போன்ற வட்டங்களைக் கத்தியால் கீறுகிற கட்டாயப் பகுதிக்குப் பாதி மதிப்பு. அதில் அவரை அசைக்க ஆள் கிடையாது. தொலைக்காட்சிக்காரர்கள் அந்த வட்டங்களைக் காட்ட மாட்டார்கள், பார்ப்பவன் தூங்கிவிடுவான். காட்டியது ஆட்டத்தை மட்டும். அதில் அமெரிக்காவின் ஜேனட் லின் பறவை போல ஆடினார், வெண்கலம் வாங்கினார். வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது அநியாயமாகத் தெரியாமல் வேறு எப்படித் தெரியும்? அடுத்த ஆண்டே குறுநிகழ்ச்சியைச் சேர்த்து வட்டங்களின் மதிப்பைக் குறைத்தார்கள். 1990க்குப் பிறகு வட்டங்களே இல்லை. வர்ணனையாளரை மட்டும் திட்டாதீர்கள், எதைக் காட்டுவது என்று முடிவு செய்கிறவனையும் கொஞ்சம் திட்டுங்கள்.

மிசிசாகா மைந்தன்

எல்லோருக்கும் நன்றி. நேற்று அம்மாவை உட்கார வைத்துச் சோச்சியை ஒலி இல்லாமல் போட்டேன். யார் எந்த நாடு, யார் வென்றார் என்று சொல்லவில்லை. அம்மா ஊரில் பள்ளி விளையாட்டுப் போட்டிகளுக்கு நேரக்கணிப்பாளராக இருந்தவர், கண் கூர்மை. சொட்னிகோவாவைப் பார்த்துவிட்டு, “இந்தப் பிள்ளைக்கு மூச்சு இருக்கிறது” என்றார். கிம்மைப் பார்த்துவிட்டுச் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “இவள் கீழே பார்க்கவே இல்லை” என்றார். யாருக்குத் தங்கம் என்று கேட்டேன். “ஓடியவர்களுக்கு மணிக்கூடு இருக்கிறது, இவர்களுக்கு என்ன இருக்கிறது?” என்று திருப்பிக் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அக்கா, இரண்டு கேள்விகள். திரையின் இடது மேல்மூலையில் இப்போது பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகளோடு ஒரு பெட்டி வருகிறதே, அதை நம்பலாமா? அரங்கில் போய்ப் பார்ப்பதென்றால் எந்தப் பக்கம் உட்கார வேண்டும்?

நீலப் போர்வை

உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம். கீழே பார்க்காமல் ஆடுவதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு ஆண்டுகள் பிடித்தன.

பெட்டியைப் பாருங்கள், ஆனால் ஆட்டம் முடிந்த பிறகு. அது காட்டுவது அப்போதைய தற்காலிகக் கணக்கு. தொழில்நுட்பக் குழு மூன்று பேர் தாவலை மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு மாற்றுவார்கள். அதற்குள் குறையைக் காட்டும் சிவப்பைப் பார்த்துவிட்டால் உங்கள் கண் அடுத்த தாவலிலும் சிவப்பைத்தான் தேடும். வர்ணனையாளர்களுக்கும் இப்போது அதே நோய். முன்பு பனியைப் பார்த்துப் பேசினார்கள், இப்போது பெட்டியைப் பார்த்துப் பேசுகிறார்கள்.

முதல் முறை போகும்போது பெரிய போட்டிக்கு டிக்கெட் வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். உங்கள் பக்கத்து அரங்கில் நடக்கிற பிள்ளைகளின் போட்டிக்குப் போங்கள். நடுவர்கள் நீளவாட்டில் ஒரு பக்கம் வரிசையாக இருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால், நான்கைந்து படி மேலே உட்காருங்கள். அவர்கள் பார்க்கிற கோணம் கிடைக்கும், எந்தத் தாவலின் கால் அவர்களுக்கு மறைகிறது என்பதும் தெரியும். தூரத்து மூலையில் லூட்ஸ் செய்கிற பிள்ளையின் இடது கத்தி நிற்க வேண்டிய வெளிவிளிம்பில் நிற்கிறதா, கடைசி நொடியில் உள்ளே சரிகிறதா என்று அங்கிருந்து பார்த்துச் சொல்லுங்கள், பிறகு நடுவரைத் திட்டலாம்.

அம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள். தடித்த போர்வை ஒன்று கட்டாயம். அந்த அலுமினியப் பலகைகளில் முதல் பத்து நிமிடம்தான் வீரம் இருக்கும்.